சார்க்கோல்: நிலக்கரி அன்று, அடுப்புக்கரி

மொட்டைமாடியில் ஹாம்பர்கர் சுடுவது எப்படி என்று விளக்கும் தமிழ்க் குறிப்பு ஒன்றைப் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் தங்கை மகன் கைப்பேசியில் அனுப்பி, "மாமா, நிலக்கரி எந்தக் கடையில கிடைக்கும்?" என்று கேட்டிருந்தான். குறிப்பின் முதல் வரியே "நிலக்கரி கிரில்லைப் பற்ற வைக்கவும்" என்றிருந்தது. ஆங்கிலத்தில் சார்க்கோல், அதாவது அடுப்புக்கரி, என்றிருப்பதைத்தான் இப்படி நிலக்கரி ஆக்கியிருந்தார்கள். இதே பிழையைக் காணொளிகளின் அடியில் ஓடும் தமிழ் வரிகளிலும் உணவகப் பட்டியல்களிலும் எத்தனையோ முறை பார்த்துப் பொறுத்திருக்கிறேன். ஆனால், எண்ணூரில் கப்பலிலிருந்து இறங்கி அனல் மின் நிலையத்துக்குப் போகும் பொருளை வடசென்னைப் பிள்ளை ஒருவன் சமையலுக்காகக் கடையில் தேடும் நிலை வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் வரலாறு சிறியது. ஆங்கிலத்தில் கோல் (coal) என்பது முற்காலத்தில் கனலும் கங்குகளையும் விறகுக் கரியையும் குறித்தது. நிலத்தடிப் பொருளைச் சீ கோல், அதாவது கடற்கரி, என்று தனியே அழைத்தார்கள். சுரங்கக் கரியின் பயன்பாடு பெருகியபோது அது வெறும் கோல் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. விறகுக் கரிக்குச் சார்க்கோல் என்ற கூட்டுச்சொல் நிலைத்தது. தமிழில் நடந்தது இதற்கு நேர்மாறு. கரி என்ற பழைய பெயர் விறகுக் கரியிடமே இருந்தது; பின்னால் வந்த சுரங்கப் பொருளுக்குத்தான் 'நிலம்' என்ற அடையைச் சேர்த்தோம். இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் மொழியில் ஆங்கிலத்தின் குழப்பத்தைக் கொண்டுவந்து கலப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பிழை நுழையும் வழியும் தெரிந்ததே. ஆங்கிலச் சமையல் குறிப்பு ஒருமுறை சார்க்கோல் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து கோல்ஸ் என்று சுருக்கிக்கொள்ளும். மொழிபெயர்ப்பவர் அகராதியைப் பார்க்கிறார், நிலக்கரி என்றிருக்கிறது, எழுதிவிடுகிறார். எதன்மேல் எதைச் சுடுகிறார்கள் என்று ஒரு கணம் அடுப்பை மனத்தில் கொண்டுவந்து பார்த்திருந்தால் கை தயங்கியிருக்கும்.

"இரண்டும் கரிதானே, படிப்பவருக்குப் புரிந்தால் போதாதா" என்று சிலர் வாதிடுகிறார்கள். போதாது. ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் கனலவிடுவதைக் கரிமூட்டம் போடுவது என்பார்கள். அந்த மூட்டத்தில் விறகின் நீரும் புகையாகும் பொருள்களும் பெரும்பாலும் வெளியேறி, எஞ்சுவது பெரும்பகுதி கார்பன் என்பதால்தான் அந்தக் கரி அதிகம் புகையாமல் கனன்று எரிகிறது. நிலக்கரியின் புகையிலோ கந்தகமும் தாரும் உண்டு. ஹாம்பர்கருக்கான இறைச்சி பாத்திரத்துக்குள் இல்லை. கம்பித்தட்டின் மேல் புகை நேரே படும்படி கிடக்கிறது. அதன் கொழுப்பு உருகித் தணலில் சொட்டி, ஆவியும் புகையுமாக எழுந்து இறைச்சியிலேயே படிவதுதான் நாம் விரும்பும் அந்த மணம். அந்தப் புகை எந்தக் கரியிலிருந்து வருகிறது என்பதைச் சொல்லின் நடையழகு பற்றிய சர்ச்சையாக ஒதுக்கிவிட முடியாது. அது உண்பவரின் உடம்பைப் பற்றியது.

சரியான சொல் எது என்பதில் தனித்தமிழ் அன்பர்களோடும் எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் மரக்கரி என்று எழுதச் சொல்கிறார்கள். அடுப்புக்கரி என்பது பயன்பாட்டைச் சொல்கிறதேயன்றிப் பொருளைச் சொல்லவில்லை என்பது அவர்கள் வாதம். மரக்கரி பிழையில்லாத சொல்தான், வேதியியல் பாடத்துக்குப் பொருத்தமானதும்கூட. ஆனால் எங்கள் பகுதியில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி வாங்குபவர்கூட அடுப்புக்கரி என்றே கேட்கிறார். வழக்கில் உயிரோடு இருக்கும் சொல் கண்முன் இருக்கும்போது சமையல் குறிப்பில் அதை விலக்குவது தூய்மையாகாது. சார்க்கோல் கிரில்லுக்கும் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. கம்பித்தட்டு வைத்த கரியடுப்பு என்றால் குமுட்டி அடுப்பைக் கண்ட எவருக்கும் விளங்கும். அதில் வேகும் இறைச்சி வறுத்ததும் அன்று, பொரித்ததும் அன்று, சுட்டது. பொரித்த அப்பளத்தையும் சுட்ட அப்பளத்தையும் குழப்பிக்கொள்ளாத நாம் இங்கே மட்டும் ஏன் தடுமாற வேண்டும்?

அதே குறிப்பில் "நிலக்கரி சாம்பலாகும் வரை காத்திருக்கவும்" என்றும் இருந்தது. சாம்பலான பிறகு எதன்மேல் சுடுவது? மூலம் சொல்ல வந்தது, கங்குகளின் மேல் வெண்சாம்பல் படரும் பதம். நீறு பூத்த நெருப்பு என்று நாள்தோறும் உவமையாகச் சொல்லும் தமிழர், அந்த நெருப்பையே நேரில் வருணிக்க வேண்டிய இடத்தில் அச்சொல்லை மறந்துவிடுவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மருமகனுக்கு இவ்வாறு திருத்தி அனுப்பினேன்: "திறந்த மொட்டைமாடியில் மட்டும் அடுப்புக்கரியைப் பற்ற வை, தணல் நீறு பூக்கட்டும். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ள மாட்டுக் கொத்துக்கறியை அதிகம் பிசையாமல் வட்டமாகத் தட்டி, வெந்து உப்பாதிருக்க நடுவில் கட்டைவிரலால் அழுத்திக் குழி செய். சுடுவதற்குச் சற்று முன்புதான் உப்பும் மிளகுத்தூளும் தூவ வேண்டும். கரண்டியால் அழுத்தாதே, சாறு வடிந்துவிடும். கொத்தும்போது மேற்பரப்புக் கிருமிகள் உள்ளேயும் கலந்துவிடுவதால், நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டிய பிறகே எடு. கரியை உங்கள் தெரு இஸ்திரிக்காரரிடம் கேள், வாங்குமிடம் சொல்வார்."