உரிம ஸ்கேனர் எதைப் படிக்கிறது?

‘இம்மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல’ என்ற ஒரு வாக்கியத்தை மென்பொருளை எவரும் ஏறக்குறையத் தடையின்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தின் நடுவே சேர்த்தால் கிடைப்பதுதான் ஜேசன் உரிமம். படிப்பவருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் எது தீமை என்பதை யார் முடிவு செய்வது என்று தெளிவில்லாததால், அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை 2016இல் இவ்வுரிமத்தைத் தன் திட்டங்களில் ஏற்கத்தகாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. பிறர் எழுதிய ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு திறமூலத் திட்டத்தில், இப்படியொரு வரியைக் கண்ணால் தேடிப் பிடிப்பது நடவாத காரியம்.

அந்தத் தேடலைச் செய்யும் மென்பொருள்தான் உரிம ஸ்கேனர். அது கோப்பில் உள்ள உரையைத் தெரிந்த உரிமங்களோடு ஒப்பிடுகிறது. முதலில் உரையைத் துப்புரவாக்குகிறது: நிரலின் கருத்துக் குறிகள், நிறுத்தற்குறிகள், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு, கூடுதல் இடைவெளிகள் ஆகியவை நீக்கப்பட்டு, வெறும் சொற்களின் வரிசை மட்டும் எஞ்சுகிறது. அதன்பின் ஒப்பீடு. எளிய முறை, இரு உரைகளுக்கும் பொதுவான சொற்களின் எண்ணிக்கையை இரட்டித்து, இரண்டின் மொத்தச் சொற்களால் வகுப்பது. எம்ஐடி உரிமத்தில் சுமார் 160 சொற்கள் என்றால், ஆங்கிலத்தில் 9 சொற்கள் கூடுதலாக உள்ள ஜேசன் உரிமத்தோடு அதன் ஒற்றுமை 320ஐ 329ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 97 விழுக்காடு. ஏற்பு வரம்பை 95இல் வைத்த கருவி இதை எம்ஐடி என்றே அறிவித்துவிடும். 98இல் வைத்த கருவி தப்பித்துக்கொள்ளும், ஆனால் சற்றே மாற்றி எழுதப்பட்ட, பொருளில் எம்ஐடியேயான உரைகளையும் சேர்த்துத் தள்ளிவிடும். மதிப்பெண்ணை மட்டும் நம்புவதில் உள்ள சிக்கல் இதுதான்.

ஆகவே ஸ்கேன்கோட் போன்ற சமூகக் கருவிகள், முழு உரிம உரைகளோடு ‘இக்கோப்பு ஜிபிஎல் 2ஆம் பதிப்பின்கீழ் வருகிறது’ (ஜிபிஎல் மற்றொரு திறமூல உரிமம்) என்பது போன்ற சிறு அறிவிப்புகளையும் விதிகளாகத் திரட்டி வைத்து, கோப்பின் எந்த வரியிலிருந்து எந்த வரி வரை எந்த விதியோடு பொருந்துகிறது என்று காட்டுகின்றன. ஃபாசாலஜி என்ற கருவியோ, சொல்லமைப்புகளைத் தேடும் நோமோஸ், உரையை ஒப்பிடும் மங்க் என்று வெவ்வேறு ஸ்கேனர்களை ஒரே கோப்பின்மீது ஓடவிடுகிறது. கருவியின் வலிமை அதன் வழிமுறையில் இருப்பதைவிட, பலர் தத்தம் திட்டங்களில் கண்ட விநோதமான உரிமக் குறிப்புகளைச் சேர்த்துச் சேர்த்து வளர்ந்த இந்த விதித்தொகுப்பில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இருந்தும் ஸ்கேனர் சொல்வது ‘இங்கே இந்த உரை இருக்கிறது’ என்பதை மட்டுமே. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் உரிமக் குறிப்பே இல்லாத கோப்புகளை 2017இல் ஒழுங்குபடுத்தியபோது, 4.13 பதிப்பின் 60,537 கோப்புகள் ஆராயப்பட்டன. இரண்டு தனித்தனி ஸ்கேனர்களின் முடிவுகளைக் கோப்பு கோப்பாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே, கோப்பின் உரிமத்தைச் சுருக்கக் குறியாகச் சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் அடையாள வரி எந்தக் கோப்பில் எப்படி அமைய வேண்டும் என்று மனிதர்கள் முடிவு செய்தனர்.

புதிதாக ஸ்கேனரை ஏற்கும் திட்டமும் முதல் நாளிலேயே அதைத் தானியங்கிச் சோதனையில் கட்டாயமாக்கினால், பங்களிப்பவர்கள் தாங்கள் தொடாத பழைய கோப்புகளுக்காகத் தடுக்கப்படுவார்கள். முதல் ஓட்டத்தின் முடிவை அப்படியே அடிப்படைப் பதிவாகச் சேமித்துவிட்டு, அதன்பின் வரும் மாற்றங்களில் புதிதாகத் தோன்றுபவற்றை மட்டும் கேள்வி கேட்பது நல்லது. ‘இந்நூலகம் முன்பு ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது’ என்று வரலாறு சொல்லும் ஒரு வரியை ஸ்கேனர் உரிமமாகவே எடுத்துக்கொண்டால், கோப்பின் பெயர், முடிவெடுத்தவர், காரணம் ஆகியவற்றோடு விலக்கு எழுதி, அந்த வரியைத் தவறான பொருத்தமாகக் குறிக்கும் விதியொன்றைக் கருவியின் மூலத் திட்டத்துக்கும் அனுப்பலாம். அடுத்தவருக்கு அதே தொல்லை வராது. விதிகள் இவ்வாறு மாறிக்கொண்டே இருப்பதால், ஸ்கேனரின் பதிப்பு எண்ணைப் பூட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வரிகூட மாறாத நிரலுக்கு நேற்று ஒரு முடிவும் இன்று வேறொரு முடிவும் வரும்.