மாமா கடைக்கு நாம் எழுதிய ஆப்பை எப்படி அனுப்புவது?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் எடுக்கிற கடைகளில் கணக்கு ஒன்றும் சிக்கலானதில்லை. பாலின் எடையை டிஆர்சி (பாலில் உலர் ரப்பர் எவ்வளவு என்ற அளவு) சதவீதத்தால் பெருக்கினால் அதிலுள்ள உலர் ரப்பர் வந்துவிடும். 40 கிலோ பாலுக்கு டிஆர்சி 35 என்றால் 14 கிலோ, அதற்கு அன்றைய விலை. வீட்டில் பைதான் என்ற நிரல்மொழி தெரிந்த பிள்ளை இருந்தால் இதற்கு ஒரு ஆப்பை ஒரே சாயங்காலத்தில் எழுதிவிடும். அதை மாமா கடைக்கு அனுப்பும்போதுதான் பாடு ஆரம்பிக்கிறது.

நாம் எழுதியது வெறும் எழுத்துக் கோப்பு. அதைப் படித்து இயக்க பைதான் வேண்டும், அது மாமாவின் கணினியில் இல்லை. சரி, பைஇன்ஸ்டாலர் என்ற கருவி வைத்து பைதானையும் லைப்ரரிகளையும் (நம் நிரலுக்குத் துணையான நிரல்கள்) சேர்த்து, விண்டோஸில் நேராகத் திறக்கும் ஒரே இஎக்ஸ்இ கோப்பாகக் கட்டிவிடலாம். அப்புறமும் ஒரு தடை இருக்கிறது. இணையத்திலிருந்து இறக்கிய கோப்பில் ‘இது வெளியிலிருந்து வந்தது’ என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பை பிரவுசர் எழுதி வைக்கிறது. திறக்கும்போது விண்டோஸ் அதைப் பார்த்து, கோப்பில் யாருடைய டிஜிட்டல் கையொப்பமாவது இருக்கிறதா, இதற்கு முன் பலர் இறக்கியிருக்கிறார்களா என்று விசாரிக்கிறது. இரண்டுமே இல்லையென்றால் நீலநிற எச்சரிக்கை வந்து நிற்கும். “மக்களே, இது வைரஸா?” என்று மாமா கேட்பார்.

“மோர் இன்ஃபோவை அமுக்கி ரன் எனிவே கொடுங்க மாமா” என்று சொல்லிவிடுவதுதான் வழக்கம். தயவுசெய்து சொல்லாதீர்கள். எச்சரிக்கை வந்தால் தாண்டிப் போகலாம் என்று அவருக்கு நாமே பழக்கிவிடுகிறோம். போனில் இது இன்னும் மோசம். ஆண்ட்ராய்டு 8 முதல், ப்ளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் ஆப்களை நிறுவும் அனுமதியை, அவற்றை நிறுவப்போகிற ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். நம் ஏபிகேக்காக (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு) வாட்ஸ்அப்புக்கு அதைக் கொடுத்தால், அணைக்கிற வரை அப்படியே கிடக்கும். நாளைக்கே கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஒரு திருட்டு ஏபிகே வந்தால், நம்மாள் அதையும் அமுக்குவார்.

அதனால் இந்த மாதிரிச் சின்னக் கணக்குகளை வலைப்பக்கமாக எழுதி லிங்க் அனுப்புவதே நல்லது என்பேன். நிறுவ ஒன்றுமில்லை, எச்சரிக்கையும் வராது. பிரவுசர் ஒவ்வொரு பக்கத்தையும் வேலிக்குள் வைத்தே ஓட்டுவதால் அது மாமாவின் எஸ்எம்எஸ்களையோ போட்டோக்களையோ தன் இஷ்டத்துக்கு மேய முடியாது. எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் பாதுகாப்பான முகவரியில் வைத்து ‘சர்வீஸ் ஒர்க்கர்’ என்ற சின்ன நிரலைச் சேர்த்தால், முதல் தடவை திறக்கும்போதே பக்கம் போனில் சேமிக்கப்பட்டுவிடும். பேச்சிப்பாறைப் பக்கத்துத் தோட்டத்தில் சிக்னல் போனாலும் திறக்கும். ஹோம் ஸ்கிரீனில் சேர்த்துக் கொடுத்தால் அவருக்கு அதுவும் ஒரு ஆப்தான். எடைப் பெட்டியைத் தொட்டதும் எண் விசைகள் மட்டும் வருகிற மாதிரி வையுங்கள். பால் ஒட்டிய விரலோடு தட்டுகிறவருக்கு அது பெரிய உதவி.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பக்கத்தில் பதியும் கணக்கு அந்த போனின் அந்த பிரவுசரில்தான் இருக்கிறது. ‘போன் ஸ்லோவா இருக்கு’ என்று யாராவது பிரவுசரின் தளத் தரவுகளை அழித்தால் மொத்தக் கணக்கும் போய்விடும். எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாகக் கணக்கை எடுத்து வைக்க ஒரு பட்டன் வேண்டும், பெரிதாக, தமிழில். அது இல்லாமல் யாருக்கும் லிங்க் அனுப்பாதீர்கள்.