மறுநாள் காலை காதில் கேட்கும் 'கீ'

திங்கட்கிழமைகளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் என்னைப் பார்க்க வருகிறவர்களில் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒருவராவது இருப்பார். சனிக்கிழமை இரவு கிளப்பிலோ கல்யாண டின்னரிலோ விடிய விடிய ஆடியிருப்பார். காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது, 'கீ' என்று விடாமல் கேட்கிறது என்பார். சிலருக்கு என் அறைக்குள் வருவதற்குள்ளேயே அது நின்றிருக்கும். "ஒன்னுமில்லக்கா, சரியாயிடுச்சு" என்று எழுந்துவிடுவார்கள். என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

நான் ஆடியோலஜிஸ்ட். காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பது என் தொழில். கிளப்பில் ஓடும் நடன இசையின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நிமிடத்துக்கு 128 அடி விழும் ஹவுஸ் என்ற நடன இசை ட்ராக் ஓடினால் என் காலும் சும்மா இருக்காது.

ஆனால் 'கீ' நின்றுவிட்டால் காது பழையபடி ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. உள்காதில் நத்தைக்கூடு போன்ற பகுதியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஏறக்குறைய 15,000 இருக்கின்றன. செத்த செல் திரும்ப முளைக்காது. செல் பிழைத்தாலும், அதை நரம்போடு சேர்க்கும் இணைப்பு அறுந்துபோகலாம். 2009இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எலிகளுக்குப் பலத்த சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். சில நாட்களில் அவற்றின் செவித்திறன் பழைய அளவுக்குத் திரும்பியது. உள்ளே பார்த்தால், சில பகுதிகளில் இணைப்புகள் பாதிவரை போயிருந்தன. நாங்கள் வழக்கமாகச் செய்யும் சோதனையில் இந்தச் சேதம் தெரியாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி அம்மாவோடு வந்தார். வயது 26. வார இறுதிகளில் டிஜே. "கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறான்மா" என்றார் அம்மா. வாயை மறைத்துக்கொண்டு 'பாசம்' என்றேன். 'பாதம்' என்றார் தம்பி. உயிரொலி காதில் விழுகிறது, 'ச' போன்ற மெல்லிய உயர் ஒலி நழுவிவிடுகிறது. செவிச்சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர் ஒலியின் பக்கத்தில் ஒரு பள்ளம், அதாவது அங்கே கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. சத்தத்தால் கெட்ட காது பெரும்பாலும் அங்கேதான் முதலில் விழும். இடது காதில் பள்ளம் இன்னும் ஆழம்.

"ஹெட்போனை எந்தக் காதுல வைப்பீங்க தம்பி?"

"இடதுலதான்க்கா."

அடுத்த ட்ராக்கை ஒரு காதில் கேட்டுப் பொருத்த வேண்டும். ஹாலே அதிரும்போது ஹெட்போன் அதையும் மீறிக் கேட்டாக வேண்டும். நள்ளிரவு தாண்டினால் காது களைத்து மந்தமாகும். உடனே தன் பக்கம் திருப்பி வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டுவார். காது இன்னும் மந்தமாகும், இன்னும் கூட்டுவார். நான் பார்த்த டிஜேக்கள் பலரின் கதை இதுதான்.

சத்தத்தின் பலத்தை டெசிபலில் அளக்கிறோம். கணக்கு எளிது. 85 டெசிபலை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி. 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்! கிளப்பின் ஆடுதளத்தில் 100 ஒன்றும் அபூர்வமில்லை. மலேசியாவின் 2019ஆம் ஆண்டு விதிமுறைகளும் 85ஐத்தான் தினசரி வரம்பாக வைக்கின்றன. அது வேலை செய்பவர்களுக்கான விதி, ஆட வருபவர்களுக்கு அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களுக்கு ஒரு தர அளவு வெளியிட்டது. சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, வருபவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும், காது ஓய்வெடுக்க அமைதியான இடம் இருக்க வேண்டும் என்கிறது அது.

டிஜே தம்பிகளிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ட்ராப் விழும்போது, அதாவது நிறுத்தி வைத்த தாளம் மொத்தமாகத் திரும்பி இடிக்கும்போது, கூட்டம் துள்ளுவது வால்யூமால் மட்டுமல்ல. அதற்கு முன் பேஸ் என்ற கனத்த கீழ் ஒலியை எடுத்துவிட்டுக் காக்க வைக்கிறீர்களே, அந்த வெறுமைதான் அடுத்த அடிக்குப் பலம் தருகிறது. ஆரம்பத்திலேயே உச்சத்தில் வைத்துவிட்டால் மேலே போக இடம் ஏது? 50 ஹெர்ட்ஸ் பேஸ் நெஞ்சில் இடிக்கும், ஆனால் காதுக்கு அது அவ்வளவு சத்தமாகத் தெரியாது. "இன்னும் அடி வேணும்ணே" என்று கேட்டால் பேஸுக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரை மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். மொத்தத்தையும் ஏற்றினால், காதைக் கெடுக்கும் மேல் ஒலிகளும் சேர்ந்தே ஏறும்.

அந்தத் தம்பிக்கு இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் செய்து கொடுத்தோம். அது எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், பாட்டு மங்காது. ஆட வருகிறவர்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பானே போதும். அதைத் திருகி, காதுமடலை மேலே இழுத்து, உள்ளே வைக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. சின்னக் குழந்தைகளுக்கு இது வேண்டாம், விழுங்கிவிடுவார்கள். அவர்களுக்குக் காதை மூடும் இயர்மஃப் வாங்குங்கள். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் முன்னால் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற பெற்றோரைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து தள்ளி உட்கார வையுங்கள்.

இன்னொன்று. இரவு ஆடிவிட்டு வந்து, காலையில் ஒரு காது திடீரென அடைத்துப்போய்ப் பேச்சே சரியாகக் கேட்கவில்லை என்றால், தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது.

ஆறு மாதம் கழித்து அந்தத் தம்பியை மறுபடி சோதித்தேன். பள்ளம் அப்படியே இருக்கிறது, ஆனால் ஆழமாகவில்லை. இப்போது கல்யாணங்களுக்குப் போனால் டிஜே மேசையில் ஒரு டப்பா நிறையக் காதடைப்பான் வைக்கிறாராம். செந்தூலில் ஒரு டின்னரில் முதலில் வந்து இரண்டு எடுத்துக்கொண்டது மாப்பிள்ளையின் பாட்டி. காதில் செருகிக்கொண்டு, கடைசிப் பாட்டு வரை முன்வரிசையை விட்டு நகரவேயில்லையாம்.