பலகையில் 60 கிலோவாட், காருக்குள் 27: விரைவு சார்ஜிங்கின் கணக்கு

மின்சாரக் கார்களுக்கான சார்ஜிங் நிலையத்தின் பலகையில் 60 கிலோவாட் என்று போட்டிருக்கும். கேபிள் முனையிலுள்ள பிளக்கை, அதாவது கன்னை, காரில் மாட்டிவிட்டுத் திரையைப் பார்த்தால் 27 என்று ஓடும். மெஷினில் கோளாறு என்று நினைத்து அடுத்த நிலையத்துக்குப் போனால் அங்கேயும் அதே 27 வரலாம். பலகையில் இருப்பது அந்த மெஷினால் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது மட்டுமே. எவ்வளவு வாங்குவது என்று நொடிக்கு நொடி முடிவு செய்வது கார்.

முதலில் அளவுகள். பேட்டரியின் கொள்ளளவு கிலோவாட்-மணியில் சொல்லப்படுகிறது. வீட்டு மின்கட்டணத்தில் நாம் யூனிட் என்று சொல்வதும் அதுதான். கிலோவாட் என்பது அது ஏறும் வேகம். 7.2 கிலோவாட்டில் ஒரு மணி நேரம் ஏறினால் 7.2 யூனிட்.

பேட்டரிக்கு டிசி (நேர்திசை) மின்சாரம்தான் ஏறும். வீட்டில் மாட்டும்போது, அங்கே வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தை டிசியாக மாற்றுவது காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். அது 3.3 கிலோவாட் என்றால், 22 கிலோவாட் ஏசி பாயின்ட்டில் கொண்டுபோய் மாட்டினாலும் 3.3 தான் ஏறும். விரைவு சார்ஜிங்கில் இந்த மாற்றும் வேலையை வெளியில் பீரோ போல நிற்கும் மெஷின் செய்துவிடுகிறது. மின்சாரம் ஆன்போர்டு சார்ஜரைத் தொடாமல் நேராகப் பேட்டரிக்குப் போகிறது.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு எண் வருகிறது: ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். வோல்ட் எவ்வளவு என்பதைப் பேட்டரி தீர்மானிக்கிறது. ஆம்பியருக்கு மெஷினும் கேபிளும் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. 125 ஆம்பியர் வரம்புள்ள ஒரு 50 கிலோவாட் மெஷினை எடுத்துக்கொள்வோம். 320 வோல்ட் பேட்டரியுள்ள காருக்கு அதனால் 40 கிலோவாட்டுக்கு மேல் தர முடியாது. சுமார் 653 வோல்ட் பேட்டரியுள்ள ஹூண்டாய் ஐயோனிக் 5 அதே மெஷினில் முழு 50-ஐயும் வாங்கிக்கொள்ளும். மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஆம்பியரும் இருக்கும். பலகையைவிட அதை நம்புவது நல்லது.

உயர் வோல்ட் பேட்டரிகளுக்குக் கார் நிறுவனங்கள் போவதற்கும் இதுதான் காரணம். கம்பியில் உண்டாகும் வெப்பம் ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் அதே கிலோவாட்டுக்குப் பாதி ஆம்பியர் போதும். அதே கம்பியில் வெப்பம் கால்வாசியாகிறது.

அடுத்து, காரின் சொந்த வரம்பு. 2020-இல் வந்த டாடா நெக்ஸான் இவியின் பேட்டரி 30.2 யூனிட். விரைவு சார்ஜரில் 0-இலிருந்து 80 சதவீதம் வரை 60 நிமிடம் என்று நிறுவனம் அறிவித்தது. அதாவது ஒரு மணி நேரத்தில் சுமார் 24 யூனிட், சராசரி 24 கிலோவாட். இந்தக் காரை 120 கிலோவாட் மெஷினில் மாட்டினாலும் அந்த நேரம் குறையாது. ஐயோனிக் 5-இன் 72.6 யூனிட் பேட்டரியோ 350 கிலோவாட் மெஷினில் 10-இலிருந்து 80-க்கு 18 நிமிடத்தில் ஏறும் என்கிறது ஹூண்டாய். கணக்குப் போட்டால் சராசரி சுமார் 169 கிலோவாட். கார் வாங்கும்போது கேட்க வேண்டியது இந்தச் சராசரியைத்தான். விளம்பரத்தில் வரும் உச்ச கிலோவாட் சில நிமிடங்களே நிற்கலாம்.

80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏன் மந்தமாகிறது? சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி, எதிர்முனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைகின்றன. கல்யாணப் பந்தி போல நினைத்துக்கொள்ளலாம். கதவு திறந்ததும் எல்லா இலையும் காலி. வந்தவர்கள் வந்த வேகத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். முக்கால்வாசி நிரம்பிய பிறகு வருபவர் இடம் தேடி உள்ளே போக வேண்டும். அப்போதும் அதே வேகத்தில் ஆட்களை அனுப்பினால் வாசலில் தேங்கிவிடுவார்கள். பேட்டரியில் அப்படித் தேங்கும் லித்தியம், கிராஃபைட்டின் மேல் உலோகமாகவே படிகிறது. படிந்ததில் ஒரு பகுதி திரும்ப வராது, கொள்ளளவு குறையும். படிவு முள்ளாக வளர்ந்தால் இரு முனைகளையும் இணைத்து ஷார்ட் ஆகவும் கூடும்.

இதைத் தடுக்கவே பேட்டரி மேலாண்மை அமைப்பு ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் கண்காணிக்கிறது. லித்தியம் செல்களில் இரண்டு வகை பரவலானவை: நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி, இரும்பு பாஸ்பேட் உள்ள எல்எஃப்பி. என்எம்சி செல்லின் எல்லை பொதுவாக 4.2 வோல்ட், எல்எஃப்பி செல்லுக்கு 3.65. நூற்றுக்கு மேற்பட்ட செல்களில் ஒன்று எல்லையைத் தொட்டாலே மொத்த மின்னோட்டத்தையும் குறைத்தாக வேண்டும். செல்களுக்குள் ஏற்றத்தாழ்வு உள்ள பேட்டரி சீக்கிரமே வேகம் இழப்பது இதனால்தான். எல்எஃப்பி கார்களை அவ்வப்போது 100 சதவீதம் ஏற்றச் சொல்வதற்கும் இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்படுத்துவது ஒரு காரணம்.

குளிரிலும் இதே படிவு நடக்கும், ஏனென்றால் அயனிகள் உள்ளே நுழைவதே மந்தமாகிவிடுகிறது. டிசம்பர் காலையில் ஊட்டியில் இரவெல்லாம் நின்ற காரை உடனே விரைவு சார்ஜரில் மாட்டினால் வேகம் வராது. சிறிது தூரம் ஓட்டிய பிறகு மாட்டுங்கள். சமவெளியில் சிக்கல் தலைகீழ். மே மாத மதியத்தில் நெடுஞ்சாலையில் விரட்டி வந்த பேட்டரி ஏற்கெனவே சூடாக இருக்கும். சார்ஜ் அதை இன்னும் சூடாக்கும். திரவக் குளிரூட்டலுள்ள காரில் ஏர் கண்டிஷனரின் கம்ப்ரஸர் வேலை செய்யத் தொடங்கி, வரும் மின்சாரத்திலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் கார் ஆம்பியரைக் குறைத்துக் கேட்கும். ஒரே நாளில் இரண்டாவது, மூன்றாவது விரைவு சார்ஜ் மந்தமாவது பெரும்பாலும் இதனால்தான்.

எனவே நீண்ட பயணத்தில் 10, 15 சதவீதத்தில் நிலையத்துக்குள் நுழைந்து 80-இல் கிளம்புவதே நேரத்தை மிச்சப்படுத்தும். ஒருமுறை 100 வரை காத்திருப்பதைவிட, 80 வரை இருமுறை நிறுத்துவது பெரும்பாலும் சீக்கிரம் முடியும். இரண்டு கன் உள்ள மெஷினில் பக்கத்துக் கார் ஏறிக்கொண்டிருந்தால், 60 கிலோவாட் 30, 30 ஆகப் பிரிந்துவிடலாம். தனி மெஷின் காலியாக இருந்தால் அங்கே போங்கள்.

மாட்டியும் சார்ஜ் தொடங்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் முதல் ஒரு நிமிடத்துக்குள் இருக்கும். விரைவு சார்ஜிங்குக்கான சிசிஎஸ்2 வகைக் கன்னை மாட்டியதும் அது பூட்டிக்கொள்கிறது. காரும் மெஷினும் வரம்புகளைப் பேசிக்கொள்கின்றன. மெஷின் கேபிளில் மின்காப்புச் சோதனை, அதாவது மின்சாரம் கசிகிறதா என்ற சோதனை, செய்கிறது. பேட்டரியின் வோல்ட்டுக்குத் தன் வோல்ட்டைச் சமப்படுத்துகிறது. அதன் பிறகே உள்ளே கான்டாக்டர்கள் எனும் பெரிய சுவிட்சுகள் மூடி, மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. கேபிளின் கனத்தில் கன் கீழே தொங்கினால் பூட்டு விழாது, அல்லது பேச்சு அறுந்துபோகும். பூட்டும் சத்தம் கேட்கும் வரை கையால் தாங்கி, நேராக அழுத்திப் பிடியுங்கள். மழையில் பின்களில் ஈரம் இருந்தால் மின்காப்புச் சோதனை தோற்கும். வேறு மெஷினுக்கு மாறுங்கள். மற்றபடி, கன்னைக் கழற்றி, காரைப் பூட்டி, இரண்டு நிமிடம் விட்டு, செயலியில் முதலிலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சார்ஜ் முடிந்தும் கன் கழலவில்லை என்றால் ஆட்டிப் பிடுங்க வேண்டாம். காரின் பூட்டுக் கொக்கி உடைந்துவிடும். செயலியில் சார்ஜை நிறுத்திவிட்டுச் சாவியால் காரைத் திறந்து பாருங்கள். அதற்கும் விடவில்லை என்றால், பல கார்களில் கையால் இழுத்துப் பூட்டை விடுவிக்கும் ஒரு கயிறு உள்ளே இருக்கும். அது எங்கே இருக்கிறது என்பதைக் கையேட்டில் இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.