சி.பி. ரேடியோ: 'குடிமக்கள்' வேண்டாம், 'பொது' போதும்

மதுரைப் பக்கம் கம்பி இல்லாமல் பேசும் கருவி எதுவானாலும் அது 'வாக்கி டாக்கி'தான். காவல்துறையினர் மட்டும் 'மைக்' என்பார்கள். கோயில் திருவிழாவில் தன்னார்வலர் கையில் இருப்பதும், கட்டட வேலையில் மேஸ்திரி இடுப்பில் செருகியிருப்பதும், வெளிநாட்டிலிருந்து மச்சான் வாங்கிவந்து காரில் மாட்டியதும் எல்லாம் ஒரே பெயரில் போய்விடுகின்றன. அதில் காரில் மாட்டியது மட்டும் வேறு வகை. அதன் பெயர் சி.பி. ரேடியோ. அந்தப் பெயரின் பொருள் சரியாகப் புரிந்தால், எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது, அதில் எப்படிப் பேசுவது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

சி.பி. என்பது 'சிட்டிசன்ஸ் பேண்ட்' என்பதன் சுருக்கம். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், ராணுவமும் காவல்துறையும் மட்டுமல்லாமல் சாதாரண ஆட்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் இடம் ஒதுக்கியது. அது முதலில் 460 மெகா ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தது. அந்த அதிர்வெண்ணில் வேலை செய்யும் கருவிகளுக்கு அப்போது செலவு அதிகம், ஆகவே பெரிதாகப் பரவவில்லை. 1958-இல் 27 மெகா ஹெர்ட்ஸ் பகுதியில் 23 சேனல்கள் திறந்துவிட்ட பிறகுதான் கடைக்காரரும் விவசாயியும் லாரிக்காரரும் வாங்கத் தொடங்கினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் டீசல் தட்டுப்பாடு வந்தது, அடுத்து மணிக்கு 55 மைல் வேகக் கட்டுப்பாடும் வந்தது. எந்த பங்கில் டீசல் இருக்கிறது, எங்கே போலீஸ் நிற்கிறது என்று லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது இதில்தான். கூட்டம் தாங்காமல் 1977-இல் சேனல்களை 40 ஆக்கினார்கள். இன்றும் அங்கே 9-ஆவது சேனல் அவசரத்துக்கு, 19-ஆவது லாரிக்காரர்களுக்கு.

இனி சொல். 'சிட்டிசன்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல், முதலில் நகரத்தில் குடியிருப்பவர் என்றுதான் பொருள். நாட்டின் உறுப்பினர் என்ற பொருள் பிறகு விரிந்தது. 'பேண்ட்' என்றால் பட்டை, நீளமாக ஓடும் ஒரு கீற்று. அதிர்வெண்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக வைத்து, இங்கிருந்து இதுவரை இன்னாருக்கு என்று வெட்டிக் கொடுத்த துண்டு.

அகராதி பார்த்து மொழிபெயர்ப்பவர்கள் இதைக் 'குடிமக்கள் அலைவரிசை' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் இரண்டு பாதியும் ஒப்பவில்லை.

முதல் பாதி 'குடிமக்கள்'. குடி என்பது மிகப் பழைய, மிக மரியாதையான சொல். பரமக்குடி, காரைக்குடி என்று ஊர்ப்பெயர்களில் நிற்கிறது. ஆனால் இன்றைக்குப் பத்திரிகைத் தலைப்பில் 'குடிமகன்' என்று பார்த்தால் டாஸ்மாக் செய்தி என்றுதான் கை அடுத்த பக்கத்துக்குப் போகிறது. ஓட்டுநர் பக்கத்தில் வைக்கும் கருவிக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது நல்லதல்ல. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இங்கே 'சிட்டிசன்' என்பது குடியுரிமையைக் குறிக்கவில்லை. அதிகாரம், பதவி எதுவும் தேவையில்லாத எவரும் என்பதையே குறிக்கிறது. அதற்குத் தமிழில் 'பொது' இருக்கிறது. ஊர்ப் பொது மன்றத்துக்குச் சங்கப் பாட்டிலேயே 'பொதியில்' என்று பெயர்.

இரண்டாவது பாதி 'அலைவரிசை'. இது பாவம், வேலை கூடிப்போன சொல். தொலைக்காட்சி சேனலும் அலைவரிசை, பண்பலை எண்ணும் அலைவரிசை. பள்ளிப் பாடத்தில் அதிர்வெண் என்று படித்த பிள்ளையே வெளியே வந்து அலைவரிசை என்கிறது. 2ஜி விவகாரம் 'அலைக்கற்றை' என்ற சொல்லை டீக்கடை வரை கொண்டுவந்தது, அது ஸ்பெக்ட்ரம் முழுவதற்கும் பொருந்துகிறது. அதில் வெட்டிய துண்டுக்கு 'அலைப்பட்டை' சரி. பட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு தடத்துக்கும் சேனல் என்ற சொல்லே எல்லாருக்கும் புரிகிறது, அதை மாற்றத் தேவையில்லை.

ஆக சிட்டிசன்ஸ் பேண்ட் 'பொது அலைப்பட்டை'. கருவிக்கு? வானொலி என்றால் நம் காதுக்கு எங்கோ ஒருவர் பேச நாம் கேட்பது. இதில் நாமும் பேசுகிறோம், ஆகவே 'இருவழி வானொலி'. 'பேசி' என்று முடித்தால் அழகாக இருக்கும்தான், ஆனால் 'பொது அலைபேசி' என்று எழுதினால் பொது இடத்து மொபைல் என்று ஆகிவிடும். எழுத்தில் 'பொது அலைப்பட்டை இருவழி வானொலி' என்று ஒரு முறை முழுதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் சி.பி. செட் என்று போகலாம். கடையில் அப்படிக் கேட்டால்தான் எடுத்தும் கொடுப்பார்கள்.

'பொது' என்ற சொல்லை நான் வலியுறுத்துவதற்குச் சட்டமும் துணை. இந்தியாவில் 2005-இல் வந்த விதி, 26.957 முதல் 27.283 மெகா ஹெர்ட்ஸ் வரையான பட்டையில், 5 வாட்டுக்கு மிகாத கதிர்வீச்சுத் திறனில் இயங்கும் கருவிக்கு உரிமம் வேண்டாம் என்கிறது. கூடவே மூன்று நிபந்தனை: பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது, பிறரால் நமக்கு வரும் இடையூறுக்குப் பாதுகாப்புக் கேட்க முடியாது, பட்டை யாருக்கும் தனி உடைமை அல்ல. நம் ஊர் மந்தை, அதாவது ஊர்ப் பொதுத்திடல், இப்படித்தானே இருக்கிறது? யாரும் வந்து உட்காரலாம், யாரும் வேலி போட முடியாது, ரகசியம் பேச அது இடமல்ல. 'குடிமக்கள்' என்று சொல்லும்போது இந்த மூன்றும் மனதுக்கு வருவதில்லை, 'பொது' என்றவுடன் வந்துவிடுகிறது.

உரிமம் வேண்டாம் என்பதை எந்தக் கருவியும் வாங்கலாம் என்று படித்துவிடக் கூடாது. கருவிக்கு வகை ஒப்புதல், அதாவது அந்த மாடல் விதிக்கு உட்பட்டது என்ற சான்று, இருக்க வேண்டும், அதைத் தருவது தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல் பிரிவு. அமெரிக்கச் செட்டில் 40 சேனல் இருக்கும். நம் நாட்டு எல்லைக்குள் அடங்குவது முதல் 27 மட்டுமே. 27-ஆவது சேனல் 27.275 மெகா ஹெர்ட்ஸ், 28-ஆவது 27.285. அது எல்லைக்கு வெளியே. ஆகவே வெளிநாட்டிலிருந்து வரும் 40 சேனல் செட்டைப் பெட்டி பிரித்ததும் மாட்டிவிடக் கூடாது. பிரான்சின் பிரசிடென்ட் நிறுவனச் செட்டுகள் சிலவற்றில் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அதில் 'இன்' என்ற குறியீட்டை வைத்தால் இந்தியாவுக்கான 27 சேனலோடு நின்றுகொள்ளும். வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். விலை, வண்ண விளக்கு எல்லாம் பிறகு. இணையக் கடைகளில் மலிவாகக் கிடக்கும் வாக்கி டாக்கிகளைச் சி.பி. என்று நினைத்து வாங்குவதும் நடக்கிறது. அவற்றில் பல வேறு அதிர்வெண்ணில், உரிமம் தேவைப்படும் இடத்தில் ஓடுபவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் இந்த விற்பனைக்கென்றே வழிகாட்டு நெறிகள் வெளியிட வேண்டிவந்தது.

கச்சிதமான செட் என்று தேடுகிறவர்களுக்கு இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, டேஷ்போர்டுக்குக் கீழே திருகி மாட்டும் சின்னப் பெட்டி, சுருள் கம்பியில் தொங்கும் மைக். மற்றது, குமிழ், திரை, ஒலிபெருக்கி எல்லாமே மைக்குக்குள் அடங்கி, பெட்டி மட்டும் சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்வது. இன்றைய கார்களில் டேஷ்போர்டில் கை வைக்க இடமில்லை என்பதால் இரண்டாவது வசதி. ஆனால் ஒலிபெருக்கி கைக்குள் அடங்கும் அளவு என்பதால், ஜன்னல் திறந்து போகும் லாரியில் சத்தம் காதில் விழாது. லாரிக்கு முதல் வகையே என் தேர்வு, அதிலும் கூரையை ஒட்டிய பலகையில், ஒலிபெருக்கி ஓட்டுநர் பக்கம் பார்க்க.

லாரி என்றதும் ஓர் எச்சரிக்கை. செட் 12 வோல்ட்டில் ஓடுவது. கார்களில் பிரச்சினை இல்லை. நம் லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக. அதில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் கம்பி இழுத்துக் கொடுப்பது பல இடங்களில் பழக்கமாக இருக்கிறது. ஒன்று வடிந்துகொண்டே இருக்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறும், கடைசியில் இரண்டையும் மாற்ற வேண்டிவரும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுவதுதான் முறை. பேட்டரி அருகிலேயே ஃபியூஸும் இருக்கட்டும்.

இதில் கருவியைவிட ஏரியல்தான் பெரிது. ஆன்டெனாவுக்கு 'அலைவாங்கி' என்று எழுதுகிறார்கள், இங்கே அது பொருந்தாது. வாங்குவதோடு அனுப்பவும் செய்கிறதே. நம் வீட்டு மாடிகளில் பழகிய 'ஏரியல்' என்ற சொல்லே இருக்கட்டும். 27 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். நல்ல ஏரியலுக்குக் குறைந்தது அதில் கால் பங்கு, சுமார் 9 அடி வேண்டும். காரின் தலையில் 9 அடிக் கம்பி நிற்க முடியாது, ஆகவே அடியில் கம்பிச்சுருள் வைத்து உயரத்தைக் குறைக்கிறார்கள். உயரத்தைக் குறைக்கக் குறைக்கப் பேசும் தூரமும் குறையும். கடையில் ஒரு முழ ஏரியலைக் காட்டி இருபது கிலோமீட்டர் பேசலாம் என்றால் நம்ப வேண்டாம். வண்டியின் இரும்புக் கூரையும் ஏரியலின் ஒரு பாதியாக வேலை செய்கிறது, அதனால் கூரை நடுவில் வைப்பது நல்லது. காந்த அடி வைத்தது இரும்பில் ஒட்டும், அலுமினியத்திலும் ஃபைபரிலும் ஒட்டாது. வைக்கோல் பாரம் ஏற்றிய லாரியில் கேபின் மேல் ஏரியல் பாரத்துக்குக் கீழே போய்விடும், அப்போது பின்னால் வருகிற வண்டிக்குக் கேட்பது குறையும்.

பொருத்தியதும் பேசிவிடக் கூடாது. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், தமிழில் 'நிலையலை விகிதம்'. செட்டிலிருந்து போகும் ஆற்றல் ஏரியல் வழியே வெளியேறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அது காட்டும். 1.5-க்குள் இருந்தால் நன்று, 2-ஐத் தாண்டினால் பேச வேண்டாம், 3 என்றால் செட் சூடாகிக் கெடும். கொட்டகைக்கு வெளியே, மின்கம்பி இல்லாத வெட்டவெளியில், கதவுகளை மூடிவிட்டு 1-ஆவது சேனலிலும் 27-ஆவது சேனலிலும் பாருங்கள். 1-இல் அதிகம் காட்டினால் ஏரியல் குட்டை, நீட்ட வேண்டும். 27-இல் அதிகம் என்றால் நீளம், குறைக்க வேண்டும். ஏரியல் இணைக்காமல் மைக்கை அழுத்தவே கூடாது.

தூரம் பற்றி ஒரு சொல். கொடைக்கானல் பண்பலை 100.5 மதுரையில் தெளிவாகக் கேட்பதற்கு அது மலை உச்சியில் நிற்பது முக்கியக் காரணம். நம் செட் தார்ச்சாலை மட்டத்தில், 4 வாட்டில் நிற்கிறது. மேலூர்ப் பக்கச் சமவெளியில் வண்டிக்கு வண்டி சில கிலோமீட்டர் தாராளமாகப் பேசலாம். போடிமெட்டு ஏறும்போது நடுவில் ஒரு மலைத்தோள் வந்தாலே குரல் அறுந்துவிடும். அப்படியானால் எதற்கு? கைபேசிக்குச் சிக்னல் இல்லாத அந்த வளைவுகளில், முன்னே போகிற வண்டி பின்னே வருகிற வண்டிக்கு ஒரு சொல் சொல்வதற்குத்தான்:

"முன்வண்டி பேசுறேன். மேல இருந்து பஸ் இறங்குது, வளைவுக்கு முன்னாடியே ஒதுங்கி நில்லுங்க. ஓவர்."

"சரிண்ணே, நின்னுட்டோம். ஓவர்."

இந்த இரண்டு வரியில் முழு முறையும் இருக்கிறது. யார் பேசுவது என்று முதலில், செய்தி சுருக்கமாக, முடிந்தது என்று கடைசியில். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவரும் சேர்ந்து அழுத்தினால் யாருக்கும் எதுவும் கேட்காது. பொத்தானை அழுத்தி ஒரு கணம் விட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் போய்விடும். 'நில்லுங்க' என்பதில் 'நில்' போனால் என்ன மிஞ்சும்? 'ஓவர்' என்பதற்குப் பதில் 'சொல்லுங்க' என்று முடிக்கும் குழுக்களும் உண்டு, அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது.

செட்டில் 'ஸ்குவெல்ச்' என்று ஒரு குமிழ் இருக்கும். அடக்குவது என்று பொருள், தமிழில் 'இரைச்சல் தடுப்பு' என்று சொன்னால் போதும். யாரும் பேசாதபோது வரும் சீற்றம் நிற்கும் இடம் வரை மட்டும் திருப்புங்கள். அதைத் தாண்டித் திருப்பினால் தூரத்து மெல்லிய குரலும் சேர்ந்து அடங்கிவிடும். மலை ஏறத் தொடங்கியதும் சற்றுத் தளர்த்திவிடுவது நல்லது.

கடைசியாக, மைக் யார் கையில்? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டும்போது கையில் பிடிக்கும் தகவல் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. சி.பி. மைக்கும் கையில் பிடிப்பதுதான். ஆகவே லாரியில் கிளீனர், காரில் பக்கத்தில் இருப்பவர் பேசட்டும். தனியாக ஓட்டுகிறவர் கேட்டுக்கொண்டு வரலாம், பதில் சொல்ல வண்டியை ஓரம் கட்ட வேண்டும்.