மெமரி இருக்குங்க, ஆனா சேந்தாப்புல இல்ல

காரைக்குடில உக்காந்துக்கிட்டு வெளியூர் லினக்ஸ் சர்வருக்கெல்லாம் நெட்வொர்க் வேலை பாக்குறேன். சமீபத்துல ஒரு சர்வர்ல நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் விவரம் காட்டுற 'ஐபி லிங்க் ஷோ' கமாண்ட போட்டா "நோ பஃபர் ஸ்பேஸ் அவைலபிள்"னு வந்துச்சு, அங்க இருந்த பசங்க நாலு நாளா சாக்கெட் ரிசீவ் பஃபர (வர்ற பதில் படிக்கிற வரைக்கும் தங்குற எடத்த) ஏத்திக்கிட்டே இருந்திருக்காங்க, ஒன்னும் அசையல, மிச்ச மெமரி காட்டுற 'ஃப்ரீ' கமாண்ட போட்டுப் பாத்தா பல ஜிபி சும்மா கெடக்கு.

இதுலதான் நெறைய பேர் ஏமாந்து போறாங்க. நெட்லிங்க்ல, அதாவது லினக்ஸோட மையமான கெர்னலும் நம்ம புரோகிராமும் பேசிக்கிற வழில, அந்த ஒரே எரர் ரெண்டு காரணத்துக்கு வரும். நம்ம புரோகிராம் மெதுவா படிச்சு சாக்கெட் நெறஞ்சுட்டாலும் வரும், கெர்னலுக்கு பதில் எழுதவே மெமரி கெடைக்கலன்னாலும் வரும். ரெண்டாவதுக்கு பஃபர எவ்வளவு ஏத்தியும் பிரயோஜனம் இல்ல. எதுன்னு சில நேரம் டிமெசேஜ்ல (கெர்னல் எழுதுற லாக்ல) தெரியும், எங்களுக்கு "பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 5"னு இருந்துச்சு. பேஜ்ங்கிறது மெமரிய பிரிச்சு வச்சிருக்குற சின்னத் துண்டு, ஆர்டர் 5ன்னா 32 பேஜ், 4 கேபி பேஜ்ல 128 கேபி, அதுவும் ஃபிசிக்கலா ஒட்டினாப்புல வேணும்.

எங்க பக்கம் கல்யாண வீட்ல ரெண்டாம் கட்டுல பந்தி போடுறப்ப பாத்திருப்பீங்க. அங்கங்க எல காலியாத்தான் இருக்கும், ஆனா 32 பேர் வந்து ஒரே வரிசைல பக்கத்துல பக்கத்துலதான் உக்காருவோம்னா எடம் இருக்காது. கெர்னல் வழக்கமா மெமரி எடுக்குற கே-மெலாக் ஃபங்ஷன் கேக்குறது அந்த வரிசை. அதுலயும் 70 கேபி வேணும்னா 128 கேபியா எடுக்கும், பெரிய சைஸ் எல்லாம் ரெண்டின் அடுக்கா (32, 64, 128னு) ஏத்தித்தான் குடுக்கும். இன்னொரு ஃபங்ஷனான வி-மெலாக் அப்படி இல்ல, கெடைச்ச எலைல உக்கார வச்சுட்டு வரிசைய பேஜ் டேபிள்ல எழுதி வச்சுக்கும்.

யூசர் ஸ்பேஸுக்குப் போற நெட்லிங்க் மெசேஜ நெட்வொர்க் கார்டு டிஎம்ஏ பண்ணப் போறதில்ல (நேரா மெமரில இருந்து எடுக்கப் போறதில்ல), கெர்னலே காப்பி பண்ணிக் குடுக்குது, அப்புறம் எதுக்கு ஒட்டின மெமரி? இது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம். ஒரு கார்டுல 256 விர்ச்சுவல் ஃபங்ஷன் (ஒரே கார்டு பல கார்டா காட்டிக்கிறது, சுருக்கமா விஎஃப்) இருந்தா ஒரே இன்டர்ஃபேஸுக்கான பதிலே அவ்வளவு பெருசாயிடுது. 2023 கடைசில இதுக்குன்னே கெர்னல்ல 'என்எல்எம்எஸ்ஜி நியூ லார்ஜ்'னு ஒரு ஃபங்ஷன் சேத்தாங்க, பெரிய மெசேஜ்னா வி-மெலாக் பக்கம் போயிடும். கெர்னல் கோடு எழுதுறவங்க இன்டரப்ட்டுக்குள்ளயோ ஸ்பின்லாக் புடிச்சுக்கிட்டோ அத கூப்பிட்டுடாதீங்க, அது தூங்கக்கூடிய (மெமரிக்காக காத்து நிக்கலாம்ங்கிற) எடத்துல மட்டும்தான் ஆகும்.

லிஸ்ட் பெருசுன்னா டம்ப்பா குடுக்குறதுதான் எப்பவுமே நல்லது. டம்ப்ல கெர்னல் துண்டு துண்டா அனுப்பும், நாம 32 கேபி பஃபரோட படிச்சா அந்த அளவுக்கு முயற்சி பண்ணும், கெடைக்கலன்னா அடம் புடிக்காம சின்னதுக்கு எறங்கிடும். இன்னொன்னு, மெசேஜுக்குள்ள இருக்குற ஒரு அட்ரிபியூட்டோட (ஒரு தனி விவரத்தோட) நீளத்த சொல்ற எடம் 16 பிட்தான், 65535 பைட்டுக்கு மேல உள்ள போகாது, மெமரிய எப்படி எடுத்தாலும் அது மாறாது.

சந்தேகம் வந்தா 'ஃப்ரீ'ய விட்டுட்டு ப்ராக் கீழ இருக்குற 'பட்டிஇன்ஃபோ'வ பாருங்க, வலது பக்கம் போகப் போக பூஜ்யமா இருந்தா பெரிய துண்டு இல்லன்னு அர்த்தம். அந்த சர்வர்ல கெர்னல் மாத்த இன்னும் டயம் குடுக்கல, அதனால விஎஃப் விவரம் வேணாம்னு கமாண்டுல 'நோவிஎஃப்' சேத்து ஓட்டுறோம், மானிட்டரிங் ஸ்கிரிப்ட் நிமிஷத்துக்கு ஒருதடவ அதே கமாண்டத்தான் போட்டுக்கிட்டு இருந்துச்சு, அதையும் மாத்தியாச்சு.