குவாட் பைக்கில் கம்ப்ரஷன் பார்ப்பது: கேஜும் நம்ம ஊர் மணலும்

பள்ளிக்கூடம் லீவு விட்டால் என் பட்டறை வாசலில் இந்த வண்டிகள் வந்து நிற்க ஆரம்பித்துவிடும். நாலு சக்கரம், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் 49 சிசி டூ-ஸ்ட்ரோக் என்ஜின், பின்னால் முழங்கை நீளத்துக்கு ஒரு சைலன்சர். கல்ஃபில் இருக்கும் அப்பாவோ மாமாவோ பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். இல்லையென்றால் கடற்கரையில் வாடகைக்கு ஓடுவது. (பதிவு எண் இல்லாத வண்டியை ரோட்டில் ஏற்றக் கூடாது என்பதை ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிட்டு ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.) இறக்கும்போதே என்ன கோளாறு என்றும் சொல்லிவிடுவார்கள்: "அண்ணே, கம்ப்ரஷன் போச்சு. ரிங் மாத்திரணும்."

கம்ப்ரஷன் என்றால் பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். ரிங் என்பது அது கசியாமல் பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையம். எப்படித் தெரியும் என்றால், "கயிறு லேசா வருது." அவ்வளவுதான் பரிசோதனை.

கயிற்றை இழுக்கும் கைக்கு ஒரு உணர்வு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆர்எக்ஸ் 100 கிக்கரை மிதித்துப் பழகிய கால் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஆனால் 49 சிசி என்ஜின் நல்ல நிலையில் இருந்தாலே கயிறு லேசாகத்தான் வரும். அதை நம்பி பிஸ்டன் செட் ஆர்டர் போடுவது வீண் செலவு. பத்து நிமிஷம் பிளக் ஓட்டையில் அழுத்தம் அளக்கும் கேஜ் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம்.

டூ-ஸ்ட்ரோக்கில் இந்தப் பரிசோதனை சுலபம், ஏனென்றால் சந்தேகப்பட ஆட்கள் குறைவு. ஃபோர்-ஸ்ட்ரோக் மாதிரி ஹெட்டில் வால்வு இல்லை, அதற்கு சீட்டிங் இல்லை. பிஸ்டனே மேலேயும் கீழேயும் போய் சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட்டுகளை, அதாவது கலவையும் புகையும் போய்வரும் ஓட்டைகளை, திறந்து மூடுகிறது. மேலே ஏறும் பிஸ்டன் எக்ஸாஸ்ட் போர்ட்டைத் தாண்டிய பிறகுதான் அழுத்தமே ஏறும். அது எங்காவது கசிந்தால் ரிங், பிஸ்டன், போர் (சிலிண்டரின் உட்சுவர்), ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) இந்த நாலில் ஒன்று. சில சின்ன என்ஜின்களில் சிலிண்டரும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. அங்கே கேஸ்கெட்டும் கணக்கில் இல்லை.

என்ஜினை இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் சூடாக்காமலே பார்க்கலாம், அளவு கொஞ்சம் குறையும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றும் முன் அதைச் சுற்றி ஊதிச் சுத்தம் செய்யுங்கள், மேலே ஒட்டியிருக்கும் மணல் நேரே பிஸ்டன் தலையில்தான் விழும். கழற்றிய பிளக்கைக் கேப்பிலேயே மாட்டி, என்ஜின் உலோகத்தில் தொடும்படி, ஆனால் பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். சும்மா தொங்கவிட்டால் பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் சிடிஐ யூனிட் கெட வாய்ப்பு உண்டு. அதைவிட மோசம், ஓட்டையிலிருந்து பீய்ச்சி வரும் பெட்ரோல் ஆவியில் பொறி பட்டால் முகத்துக்கு நேரே தீப்பிடிக்கும். கில் சுவிட்சையும் அமர்த்திவிடுங்கள்.

கேஜைக் கையால் திருகினால் போதும். ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பிடிக்க வேண்டும். நிறையப் பேர் விடுவது இதைத்தான். மூடி வைத்தால் உள்ளே காற்றே போகாது, பிறகு எதை அழுத்துவது? திறந்து பிடித்து, முள் ஏறுவது நிற்கும்வரை இழுங்கள்.

கடைசி எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், முள் எப்படி ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். நல்ல என்ஜினில் முதல் இழுப்பிலேயே பாதிக்கு மேல் தாவும், நாலைந்து இழுப்பில் நின்றுவிடும். ரிங் தேய்ந்ததில் நொண்டி நொண்டி ஏறும், பத்து இழுப்புக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும். என் அனுபவத்தில் 100 சிசிக்கு மேற்பட்ட டூ-ஸ்ட்ரோக் 120-லிருந்து 150 பிஎஸ்ஐக்குள் (கேஜில் அழுத்தத்தைச் சொல்லும் அலகு) காட்டினால் தொட வேண்டாம். 90-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவதே பாடு. எதிர்பார்த்ததைவிட ரொம்பக் கூடுதலாகக் காட்டினாலும் சந்தோஷப்படாதீர்கள். ஹெட்டில் கரி அடைந்து இடம் சுருங்கியிருக்கும், அல்லது எண்ணெய் தேங்கியிருக்கும்.

இனி என் முட்டாள்தனம். முதன்முதலில் வந்த 49 சிசி வண்டிக்கு பைக்குக்குப் போடும் கேஜையே போட்டேன். 60 பிஎஸ்ஐ. "பிஸ்டன் செட் போயாச்சு" என்று சொல்லி, சாமானை வரவழைத்து, பிரித்தேன். போர் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. ரிங் அளவும் சரி. அரை நாள் யோசித்த பிறகுதான் கேஜின் குழாயைத் திருப்பிப் பார்த்தேன். காற்றைத் திரும்ப விடாமல் பிடிக்கும் சின்ன வால்வு கேஜ் பக்கம் இருந்தது, பிளக் பக்கம் இல்லை.

கணக்குப் போட்டால் புரியும். 49 சிசி என்ஜினில் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் சுமார் 7 மில்லி. உட்துளை 5 மில்லிமீட்டர், நீளம் 30 சென்டிமீட்டர் உள்ள குழாயில் ஏறக்குறைய 6 மில்லி காற்று நிற்கும். அதாவது எரியறையை நானே இரட்டிப்பாக்கிவிட்டு அழுத்தம் குறைகிறது என்று குறை சொல்லியிருக்கிறேன். வால்வு பிளக் ஓட்டையை ஒட்டி இருக்கும் குழாயை வாங்கிப் போட்டதும் அதே என்ஜின் 105 காட்டியது. பெரிய பைக்கில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. சின்ன குவாட், ரப்பர் தோட்டத்துப் புல்வெட்டும் மெஷின் இரண்டுக்கும் கேஜ் வாங்கும்போது வால்வு எந்த முனையில் என்று கேட்டு வாங்குங்கள்.

அப்படியானால் அந்த வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை? கயிற்றை இழுக்கும்போது கார்புரேட்டர் வாயில் உள்ளங்கையை வைத்தேன். கை நனைந்தது. உள்ளே போக வேண்டிய பெட்ரோல் திரும்பித் துப்புகிறது. கலவையை உள்ளே மட்டும் விட்டு, திரும்ப விடாமல் தடுக்கும் ரீட் வால்வின் இதழ் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

டூ-ஸ்ட்ரோக்கில் இரண்டு அழுத்தம் உண்டு: பிஸ்டனுக்கு மேலே ஒன்று, கீழே கிராங்க் கேஸில் (கிராங்க் தண்டு சுழலும் அடிப்பெட்டி) ஒன்று. கேஜ் மேலே உள்ளதை மட்டும்தான் சொல்லும். கிராங்க் சீலோ அடி கேஸ்கெட்டோ கசிந்தால் கேஜில் 120 காட்டிக்கொண்டே வண்டி சூடாகி ஒருநாள் சீஸ் ஆகிவிடும் (பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்), ஏனென்றால் கசிவு வழியாக வெறும் காற்று புகுந்து பெட்ரோல் கலவையை மெலிதாக்குகிறது. இதைப் பார்க்க இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பர் வைத்து அடைத்து, 5, 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, நிமிஷத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நான் பயன்படுத்துவது ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய மெஷினின் பம்பும் டயலும். அதில் 260 என்பது 5 பிஎஸ்ஐ. கசியும் இடத்தைச் சோப்புத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும்.

மேல் அழுத்தம் நிஜமாகவே குறைவு என்றால் பிளக் ஓட்டையில் சில சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் அல்லது போர். ஏறாவிட்டால் கேஸ்கெட், அல்லது பிஸ்டனில் ஓட்டை. சொட்டு என்றுதான் சொன்னேன். இத்தனூண்டு என்ஜினில் ஒரு ஸ்பூன் ஊற்றினால் எண்ணெயே இடத்தை அடைத்துப் பொய் எண் காட்டும். அப்படியும் சந்தேகமா, சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக டார்ச் அடியுங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் நெடுக்குக் கோடுகள் தெரியும். ஈர்க்குச்சியால் ரிங்கை மெல்ல அமுக்கிப் பாருங்கள். துள்ளித் திரும்பினால் நல்லது, அசையாமல் இருந்தால் கரியில் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன? கன்னியாகுமரியில் தேவியின் கல்யாணத்துக்கு வைத்த அரிசி சமைக்காமலே கிடந்து மணலானது என்று சொல்லி, பல நிறத்தில் மணலைப் பொட்டலம் போட்டு விற்பார்களே, அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், கூடவே சிர்கான். மணவாளக்குறிச்சியில் தொழிற்சாலை வைத்துப் பிரித்தெடுப்பது இந்த மணலைத்தான். கார்னெட் உப்புத்தாளுக்கும், உலோகத்தைத் தண்ணீரால் வெட்டும் மெஷினுக்கும் போடுகிற சாமான். அதை என்ஜின் மூச்சாக இழுத்தால் போர் என்ன ஆகும்?

முட்டம் பக்கமிருந்து வந்த ஒரு வாடகை வண்டி. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, 55 பிஎஸ்ஐ, இந்தத் தடவை சரியான குழாயில். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் காய்ந்து ஓரம் கிழிந்திருந்தது. கார்புரேட்டர் வாயில் விரலை விட்டுத் துடைத்து வெள்ளைத் தாளில் தேய்த்தேன். கறுப்பும் சிவப்புமாகப் பொடி. உரிமையாளர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது நம்ம கடற்கர மண்ணுல்லா?" என்றார். கடற்கரையில் ஓட்டினால் ஸ்பாஞ்சைத் தினம் கழுவி, காயவைத்து, ஃபில்டர் எண்ணெயில் நனைத்துப் பிழிந்து போட வேண்டும். அந்த எண்ணெய்ப் பசைதான் மணலைப் பிடிக்கிறது. இப்போது மாதம் ஒருமுறை கொண்டுவருகிறார், ஏர் ஃபில்டர் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரால் தேதியும் எண்ணும் எழுதுகிறேன். போன மூன்று மாதமும் 108, 106, 106. அடுத்த மாதம் 90 என்றால் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் கேஜோடு போங்கள். போன மாதம் தக்கலைப் பக்கம் ஒரு நண்பருக்காகப் பார்க்கப் போனேன். விற்பவர் "கம்ப்ரஷன் சூப்பர், இழுத்துப் பாருங்க" என்றார். இழுத்தேன், கெட்டியாகத்தான் வந்தது. பிளக்கைக் கழற்றினேன். நுனியிலிருந்து கெட்டி என்ஜின் ஆயில் நூலாக வடிந்து சைலன்சர் மேல் விழுந்தது. கேஜைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.